கோகிலாம்பாள் பூ வைக்காத மாதம்

மருமகள் சுபத்ரா வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே கோகிலாம்பாள் தலையில் பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். அறுபத்தோரு வயதில் இதென்ன வீம்பு என்று புருஷன் சங்கரலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றிலும் நாலு வாய்தான். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மருமகள் சமையல் இறங்கவில்லை, வேறென்ன! அருப்புக்கோட்டையில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவர், பெண்களின் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிற மனுஷன். பெண்டாட்டி முகம் தெரியாதா?

“மென்னா தாடை கடுக்குதுங்க. செத்த சும்மா இருந்தாச் சரியாப் போகுது. சீப்புப் பட்டாலே தலை எரியுது” என்றாள்.

“திங்கிறப்ப மட்டும் வலிக்குமாம்! நல்லாருக்குடி உன் நோக்காடு. அந்தப் புள்ள வந்ததுல இருந்துதான வலிக்குது?”

பாலவனத்தத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்த அன்றும் வெறுந்தலையோடுதான் நின்றாள். சம்பந்தியம்மாள் கொண்டுவந்த மல்லிகையைத் தட்டிலேயே விட்டுவிட்டாள். மானம் போகிறதே என்று சங்கரலிங்கமே பூவை எடுத்து, அவள் கொண்டையில் வைத்துப் பின்னை அழுத்திக் குத்தினார். “அய்யோ” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அண்ணாச்சிக்கு இந்த வயசுலயும் ஆசையப் பாருங்க!” என்று சம்பந்தியம்மாள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பாவி, சிரித்தார்.

மூன்றாம் நாள் காலையில் கோகிலாம்பாள் காபி டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாள். டம்ளர் தரையில் உருண்டது. வலது கண்ணில் வெளிச்சமே இல்லை.

மதுரை டாக்டர் அவள் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். கயிறு மாதிரி ஒரு நரம்பு புடைத்திருந்தது.

“ரத்தக்குழாய் வீங்கிக் கண்ணுக்குப் போற ரத்தத்த அடைச்சிருச்சு. நம்ம பக்கம் அபூர்வமா வர்ற வியாதி. இந்தக் கண்ணு இனி திரும்பாது. அடுத்த கண்ணக் காப்பாத்தத்தான் இப்ப ஊசி போடுறோம். மெல்லும்போது தாடை வலிச்சிருக்கணுமே, தலையில சீப்புப் பட முடியாம இருந்திருக்கணுமே? யார்ட்டயும் சொல்லலயாம்மா? அப்பவே வந்திருந்தா ரெண்டு கண்ணும் தப்பிச்சிருக்கும்.”

கோகிலாம்பாள் முகத்தைத் திருப்பி, மிச்சமிருந்த கண்ணால் சங்கரலிங்கத்தைத் தேடிப் பார்த்தாள்.

“இல்லங்கய்யா. நான்தான் யார்ட்டயும் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் ஆமாமென்று ஒரு தலையாட்டினால் போதும், விஷயம் அதோடு போய்விடும். டாக்டர் பேனாவை எடுத்து எழுதப் போனார்.

“அப்படி எழுதாதீங்கய்யா” என்றார் சங்கரலிங்கம். “எங்கிட்டச் சொன்னா. ஒண்ணு விடாம எங்கிட்டத்தான் சொன்னா.”