கூடுதலாகப் போட்ட உளுந்து

கிரைண்டரில் உளுந்தைக் கூடுதலாகப் போட்டது ஜெகன்தான். அளவு இரண்டு டம்ளர். அவன் போட்டது நான்கு. போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்கள் கம்பெனி புதிதாகக் கொண்டுவரப்போகிற கிரைண்டரின் முதல் சாம்பிள் அது. எழிலரசி வடிவமைத்தது. புதுப் பொருள் பிரிவுக்குத் தலைவியாக அவளைப் போன மாதம்தான் போட்டிருந்தார்கள். அவளுக்கு வெகுகாலம் முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜெகன், அந்த நாற்காலி தனக்குத்தான் என்று தான் குடியிருக்கும் திருமுல்லைவாயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பால் பாக்கெட் போடுகிறவர்கூட "தலைவரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். இன்னும் கூப்பிடுகிறார், அதுதான் வயிற்றெரிச்சல்.

கிரைண்டர் ஓட ஓட உளுந்து பொங்கியது. வீட்டில் மாவாட்டுகிறவன் என்பதால் எப்போது பொங்கும் என்று ஜெகனுக்குத் தெரியும். எங்கே தெறிக்கும் என்பதுதான் தெரியாது. மூடி எகிற, மாவு நேராக, சோதனையைப் பார்க்க வந்து நின்ற மேனேஜர் ஆனந்தனின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

எழிலரசி அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ மூடியைத் தூக்கிப் பார்த்துக் குதித்தாள்.

"சார், லாக்கு தாங்கல சார்! நல்லவேள, கடைக்குப் போறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிச்சு. தேங்க்ஸ் ஜெகன் அண்ணா! அளவாவே போட்டுப் பாத்துகினு இருந்தேன். அதிகமா போட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தோணவே இல்லண்ணா."

தேங்க்ஸாம்! ஒரு கெடுதலைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத தன்னைத் தானே திட்டிக்கொண்டான் ஜெகன்.

சாயங்காலம், குழாயடியில் கழற்றிய சட்டையின் காலரைக் கசக்கிக்கொண்டிருந்த ஆனந்தன் பக்கத்தில் போய் நின்றான்.

"சார், என்னை ஏன் சார் போடல? எனக்கு இன்னா கொறச்சல்?"

இத்தனை நாளும் 'அப்புறம் பேசலாம் நைனா' என்று நழுவியவர், இன்று குழாயை மூடினார்.

"நேராவே சொல்றேன், கேட்டுக்கோ. நீ செஞ்ச சாம்பிள யாரையும் தொடக்கூட வுடமாட்ட. தொடச்சு அலமாரில வெச்சுப் பூட்டிடுவ. அப்பால அது கஸ்டமர் ஊட்ல போய்த்தான் ஒடையுது. அவ, தான் செஞ்சத தானே ஒடச்சு எடுத்தாந்து என் டேபிள்ல வெக்கிறா. அதான் அவளப் போட்டேன். நீ பொறாமைல ஒடச்சேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நல்லா ஒடச்ச. திங்கக்கெழமலேர்ந்து அவ டீம்ல சோதன வேல உனுக்கு. அவ செய்வா, நீ ஒட. இந்தா, சட்டைய மட்டும் தொவச்சு எடுத்தாந்துடு."