ராணி தலை போட்ட நூறு ரூபாய்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மாத்தளைப் பட்டணத்தில் ஒரு தையற்கடையில், என் காற்சட்டையின் இடுப்பை அகலப்படுத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில், தையல்காரர் சொல்லக் கேட்டது. இடுப்புக்கு இரண்டு ரூபாய் வாங்கினார். கதைக்கு ஒன்றும் வாங்கவில்லை. "பேர மட்டும் மாத்திப் போடுங்க, மாஸ்டர்" என்றார். மாற்றிவிட்டேன். யஹ்யா என்பது அவருக்கு நான் வைத்த பெயர். அவருக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சம் வாட்டசாட்டமான ஆளுக்கு ஈக்கிற பேர் மாதிரி" என்று குறைப்பட்டார். (அவர் பேச்சில் 'இருக்கிற' என்பது 'ஈக்கிற'.)

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன்.

"1970ஆம் ஆண்டு இலங்கையில், ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது, குறித்த நாளுக்குள் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, நாட்டின் பொருளாதாரம்..." (பொருளாதாரம் என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. நிறுத்திவிட்டேன்.)

"பணம் வெறும் காகிதம் என்று ஞானிகள்..." (எந்த ஞானியும் பேங்க் வரிசையில் நின்றதில்லை.)

"வானொலிச் செய்தியைக் கேட்டு யஹ்யா கலங்கிப்போனார். அவரிடம் ஒரு நூறு ரூபாய் நோட்டுகூட இல்லை. அதனால்தான் கலங்கினார்."

இதை வைத்துக்கொள்வோம்.

2

இருக்கிறவன் கலங்கினால் நியாயம். இல்லாதவர் ஏன் கலங்கினார்?

1955இல் யஹ்யா ஹிதாயாவைக் கலியாணம் செய்தபோது மஹர் நூற்றொரு ரூபாய் என்று பேசினார்கள். மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. அது அவளுடைய சொத்து. அவள் மனம் வைத்துக் கொடுக்காமல் புருஷன் தொடக் கூடாது. (பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு வந்த கைக்கூலி இதைப்போலப் பல மடங்கு. அதைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுத ஆசைதான். ஆனால் என் காற்சட்டை இன்னும் அவர் கையில் இருந்தது.)

இங்கிலாந்து ராணியின் தலை போட்ட புது நூறு ரூபாய் நோட்டு ஒன்று, கூடவே ஒரு ரூபாய் நோட்டு ஒன்று. ஹிதாயா அவற்றை உறையில் போட்டு ஒட்டி, அலுமாரியில் கலியாணச் சேலைக்கு அடியில் வைத்தாள். மூன்று வருஷம் கழித்து யஹ்யா அந்த உறையைப் பிரித்து நூறை எடுத்தார். ஒரு ரூபாயை விட்டுவைத்தார். மனச்சாட்சி உள்ள மனிதர். சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டினார்.

எதற்காக எடுத்தார்? என் முதல் பிரதியில், பழுதான தையல் மெசினுக்குப் பதில் வேறொன்று வாங்க, குடும்பத்தைக் காப்பாற்ற, எடுத்தார். எழுதும்போது எனக்கே கண் கசிந்தது. கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

"மெசினா?" என்றார் அவர். "எண்ட மெசின் நல்லாத்தானே ஓடின. நான் றேஸுக்குத்தான் போட்டேன், மாஸ்டர்."

இங்கிலாந்தில் ஓடிய குதிரை. மாத்தளையில் பந்தயக் காசு வாங்கும் புக்கியிடம் கட்டிய பணம். மற்றக் குதிரைகள் எல்லாம் வந்து, புல் தின்று, படுத்தும் ஆயிற்று. இவருடையது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் திருப்பி வைப்போம் என்று நினைத்தார். அடுத்த மாதம் என்பது பன்னிரண்டு வருஷம் நீண்டது.

3

அறிவிப்பு வந்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை, ரொட்டி சுட்டுக்கொண்டே ஹிதாயா, வழக்கம்போல மகள் பெயரால் புருஷனை அழைத்துச் சொன்னாள்.

"மஸூதாட வாப்பா, எண்ட மஹர் காசும் நூறு நோட்டுத்தானே. மாத்தாட்டி வெறும் கடதாசியாப் போகும்."

"தா. நான் போய் மாத்தித் தாறேன்."

"நீங்க என்னத்துக்குத் தனியாப் போய்க் கால் கடுக்க நிக்க? வியாழக்கிழம நானும் வாறேன். உறைய அங்க வெச்சே பிரிப்போம்."

"பேங்க்லயா?"

"ஓ. இத்தன வருஷம் ஒட்டி வெச்ச உறை. அடுப்படியில வெச்சா பிரிக்கிற?"

யஹ்யா ரொட்டியை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ஊருக்கு முன்னால், பேங்க் கண்ணாடிக்கு முன்னால், உறையைத் தலைகீழாகத் தட்டினால் ஒற்றை ரூபாய் விழும். இனி மூன்று நாள்.

4

ஒரு பக்கம் அடைந்தால் இன்னொரு பக்கம் திறக்கும் என்பார்கள். அந்த வாரம் கணக்குக் காட்ட முடியாத நோட்டுகளைப் பலர் குறைந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யஹ்யாவின் வாழ்நாளில் நூறு ரூபாய் மலிந்தது அந்த ஒரு தடவைதான். மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் ஸஹாப்தீன் முதலாளி, ஒரு நோட்டை அறுபதுக்குக் கொடுப்பதாகக் கேள்வி. நோன்பு தொடங்க இருந்த நேரம். பெருநாள் உடுப்புக்கு வாங்கிய அட்வான்ஸ், பத்தும் ஐந்துமாக யஹ்யாவின் மேசை லாச்சியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு சிக்கல். ராணி படம் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. புதிய நோட்டுகளில் வேறு படம். ஹிதாயாவுக்கு எழுத்து வராது, முகம் மறக்காது.

"எத்தன வேணும்?" என்றார் முதலாளி.

"ஒன்னே ஒன்னு. ராணி தல போட்டது ஈக்கா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஊரே நோட்ட எண்ணிப் பாக்குது. நீ மூஞ்சப் பாக்கிறியே. ராணி நோட்டுக்கு எங்கயாச்சும் கூடக் குடுக்கிறானா?"

"இல்ல முதலாளி. சும்மாதான்."

"சும்மாவா? அப்ப எழுபத்தஞ்சு."

ராணியைப் பெயர் சொல்லிக் கேட்டதற்குப் பதினைந்து ரூபாய். (இந்தக் கதையில் நீதி என்று ஏதாவது இருந்தால் இதுதான்.)

5

புதன் மத்தியானம். ஹிதாயா, நோன்புக் கஞ்சிக்கு அரிசி இடிக்கத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். யஹ்யா கேத்தல் ஆவியில் உறையைக் காட்டி மெல்லப் பிரித்தார்.

உள்ளே ஒரு ரூபாய் இருந்தது. ஒரு நூறு ரூபாயும் இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நோட்டில் ராணி இல்லை. வெள்ளை உடுப்புப் போட்ட நம் நாட்டுத் தலைவர் இருந்தார். திகதி 1963. அவர்களுடைய கலியாணத்துக்கு எட்டு வருஷம் பிந்தி அச்சான மஹர்.

அவளுக்குத் தெரியும். தெரிந்து, ஒரு வார்த்தை கேட்காமல், தானே நிரப்பி, தானே ஒட்டி வைத்திருக்கிறாள்.

அவளுக்கு நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது? கோழி முட்டை விற்றாள் என்று எழுதினேன். எத்தனை கோழி என்று யோசித்ததும் அடித்துவிட்டேன். பிறகு, எதிர்க்கடைத் தையல்காரனுக்கு வீட்டிலிருந்து காஜா எடுத்துக் கொடுத்தாள் என்று எழுதினேன். யஹ்யாவிடம் சொன்னபோது அவர் ஊசியை நிறுத்தி, எதிர்க்கடையை வெகுநேரம் பார்த்தார். அதனால் அதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இப்போது அவர் கையில் இரண்டு நூறுகள். அவளுடையதை எடுத்தால் மறுபடியும் திருட்டு. தன்னுடையதை வைக்காவிட்டால் மஹர் இன்னும் கடன். இரண்டையும் உள்ளே போட்டு ஒட்டினார்.

6

வியாழன். வரிசை தெருவரை வந்திருந்தது. ஹிதாயா சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டு, உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதித் தூரம் நகர்ந்த பிறகு, முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் குதிரட பேர் என்ன?"

யஹ்யா அவள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு... ஆரு செல்லின?"

"உங்கட சட்டையக் கழுவுற ஆரு? குதிரப் படம் போட்ட புக்கிக்காரன்ட துண்டுக் கடதாசி பையில ஈந்திச்சி."

"அப்ப என்னத்துக்கு இந்த மூனு நாளா, பேங்க்ல பிரிப்போம், பேங்க்ல பிரிப்போம்..."

"பன்னெண்டு வருஷத்துக்கு மூனு நாள்தானே. அதுவும் கூடிப் போச்சா?"

யஹ்யாவுக்கு முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு சிரிப்பு. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். செல்லாத நோட்டோடு நின்ற அத்தனை பேரும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். நோன்பு பிறப்பதற்கு முன்பே ஒரு பெருநாள் வந்துவிட்டது போலிருந்தது என்றார் என்னிடம். (உவமை அவருடையது. நான் இதைவிட மோசமாக எழுதியிருந்தேன்.)

7

கண்ணாடிக்குப் பின்னால் நல்லையா என்ற குமாஸ்தா. ஹிதாயா உறையைப் பிரித்தாள். ஒரு நூறு வந்தது. அவளுக்குத் தெரிந்த நூறு. அதன் பின்னால் ராணி வந்தாள்.

ஹிதாயா உறைக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு நூறு இருக்குங்க" என்றார் நல்லையா, படிவத்தை இழுத்துக்கொண்டு. "எப்படிக் கிடைச்சதுன்னு எழுதணும். சொல்லுங்கம்மா."

"ஒன்னு மஹர்."

"எதும்மா?"

அவள் ராணியைப் பார்த்தாள். மற்ற நோட்டைப் பார்த்தாள். கடைசியில் யஹ்யாவைப் பார்த்தாள்.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் ராணியைத் தொடுகிறாள்; கணவன் கொடுத்தது அதுதான், பிந்தினாலும். இன்னொன்றில் தன் நோட்டைத் தொடுகிறாள். தன் மானத்தோடு அவர் மானத்தையும் காத்தது அதுதான். மூன்றாவதில் இரண்டும் மஹர் என்கிறாள். எனக்கு அது பிடித்திருந்தது, பிடித்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது. உண்மையில் என்ன சொன்னாள் என்று யஹ்யாவிடம் கேட்டேன். "மத்ததெல்லாம் எழுதிக்கொள்ளுங்க, மாஸ்டர். அது எங்கட விஷயம்" என்றார்.

ஆகவே என்னால் முடிக்க இயலாது. படிவத்தில் அந்தக் கட்டம் சின்னது. இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். நல்லையா தலையை நிமிர்த்தி, ஹிதாயாவைத் தாண்டி, உங்களைப் பார்க்கிறார்.

"எதுங்க?"