மாய் என்கிற ஒரு சொல்

ஹாங்காங் கவர்னர் ஹாலம் துரை ஓய்வு பெற்றுக் கப்பலேற இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நிலம் அளக்க வந்த கத்துக்குட்டி அதிகாரியாகத் தொடங்கி, மாஜிஸ்ட்ரேட்டாகி, நடுவில் எங்கெங்கோ தீவுகளில் வெயில் காய்ந்து, கடைசியில் இதே ஊருக்குக் கவர்னராகத் திரும்பியவர். முப்பது வருஷத்தில் ஊர்ப்பேச்சு அவருக்கு நன்றாகவே வந்தது, ஒரு சொல்லைத் தவிர. வாங்குவதற்கும் 'மாய்'தான், விற்பதற்கும் 'மாய்'தான். குரல் ஏறினால் வாங்குவது, ஏறாமல் தாழ்ந்து நின்றால் விற்பது. துரைக்கு எப்போதும் ஏறிவிடும். ஒருமுறை தன் குதிரையை விற்கப் போவதாகச் சொல்லி, மறுநாள் வாசலில் ஏழு வியாபாரிகளை, விற்பதற்குக் குதிரைகளோடு, வரவழைத்துவிட்ட மகானுபாவர்.

அன்று காலை மொழிபெயர்ப்பாளர் ஃபோங் கீ அவர் மேஜையில் நாம் யூங் கிராமத்து மனுவை வைத்தார். கிராமத்துக்குப் பின்னால் ஒரு குன்று, அது முழுக்க முன்னோர் கல்லறைகள். அதைக் கல் உடைக்கும் கம்பெனிக்கு விற்கச் சொல்லி லண்டன் எழுதியிருந்தது. துரையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனால் அளவைச் சங்கிலியோடு வந்த அந்த நாளில், குன்றை அரசாங்கம் விற்காது என்று ஊரைக் கூட்டி வாக்குக் கொடுத்தவரும் இதே துரைதான். அன்று மொழிபெயர்க்க ஆளில்லை, தாமே பேசினார். யாரும் எழுதி வைக்கவில்லை.

மனுவை ஃபோங் முன்பே படித்திருந்தார். குன்றைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுவிட்டு, 'அரசாங்கம் வாங்காது என்று துரை அன்று சொன்னார்' என எழுதியிருந்தார்கள். சீன எழுத்தில் இரண்டு மாயும் வேறு. விற்பதற்கான எழுத்தின் தலையில் தொப்பி போலச் சின்னதாக ஒரு குறி உண்டு, அது இங்கே இல்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்களே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. கூடவே இருந்து மனுவைக் கேட்ட அரசாங்கச் சட்ட அதிகாரிக்கோ வாயெல்லாம் பல். வாங்க மாட்டேன் என்றவர் தாராளமாக விற்கலாம், வாக்குத் தவறியதாகாது என்றார்.

அவர் போனதும் துரை கேட்டார்: "அன்னிக்கு நான் என்ன சொல்லியிருப்பேன், ஃபோங்?"

"வாங்குறதுன்னுதான் சொல்லியிருப்பீங்க துரை. இன்னிக்கும் அப்படித்தானே சொல்றீங்க."

"நெனச்சது என்ன?"

துரை லண்டன் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, குன்று என்றைக்கும் கல்லறை நிலமே என்று உத்தரவு எழுதி முத்திரை வைத்தார். ஓய்வுக்குப் பின் லண்டனில் கிடைக்கவிருந்த பதவி இதோடு போயிற்று என்று அவருக்குத் தெரியும்.

உத்தரவை வாங்கிக்கொள்ள ஊர்த்தலைவர் லியூ யாம் மறுநாள் வந்தார். துரையின் அறையில் மூவருக்கும் தேநீர் வந்தது. ஃபோங்கால் பொறுக்க முடியவில்லை. "எழுத்தைப் பாத்து எழுதக் கூடாதா பெரியவரே? குன்னே கைய விட்டுப் போயிருக்கும்."

"நான் பள்ளிக்கூட வாத்தியாருங்க. எழுத்துத் தெரியாமலா?" என்றார் லியூ யாம். "துரை என்ன நெனச்சுச் சொன்னாருன்னு அன்னிக்கே ஊருக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

"மேலேருந்து உத்தரவுன்னா அவரு மட்டும் என்ன பண்ணுவாரு? கையெழுத்துப் போட வேண்டியதாயிட்டா, பொய்யன்னு பேரெடுத்துக்கிட்டு மனுசன் கப்பலேற வேணாம்னு ஊர்ல பேசி முடிவு பண்ணோம்."

"குன்னு போயிருந்தா?"

"அழுதுக்கிட்டே எலும்பைத் தோண்டி எடுத்து, வேற மலை பாத்திருப்போம்."

துரைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. எழுந்து வந்து, லியூ யாமின் கோப்பையில் தம் கையாலேயே தேநீர் ஊற்றினார். பாதி மேஜையில் சிந்தியது.