திரைச்சீலையை யார் இழுப்பது

கைபேசியை மேசைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெரியவள் கைகட்டி உட்கார்ந்துவிட்டாள். நாடக அரங்கத்தின் இணையதளம் திறந்திருந்தது. சிவப்புத் திரைச்சீலை, அதன் மடிப்புகளில் லேசான அசைவு, அவ்வளவுதான். எதிரே அவள் தங்கையும் நாடக இயக்குநரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தத் திரைச்சீலை தங்கை செய்தது. பார்க்க வருகிறவர் விரலால் அதை விலக்கினால்தான் உள்ளே நாடக விவரமும் டிக்கெட் எடுக்க வேண்டிய நாற்காலிகளும் தெரியும். ‘பார்வையாளரே நாடகத்தைத் தொடங்கி வைக்கிறார்’ என்று அவள் விளக்கியபோது இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குழுவே கொண்டாடியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. ஆனால் டிக்கெட் கொடுப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இணையதளத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், போய்விட்டார்கள். இந்த நாடகத்துக்கும் ஆள் வராவிட்டால் அரங்கத்தைக் கிடங்குக்கு விட்டுவிடப்போவதாகக் கட்டடத்துச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

அன்று காலைதான் அக்கா கூப்பிட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பின்னால் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

“ஏண்டி, உங்க நாடகத்த எப்பதான் திறப்பீங்க? நானும் நாலு நாளா டிக்கெட் வாங்கலாம்னு பாக்குறேன், மூடியே கிடக்கு.”

“நீ எதுக்குக்கா வாங்குற? நான் பாஸ் தரமாட்டேனா?”

“ஓசியில வந்து உக்காரவா உன்னப் படிக்க வெச்சேன்?”

அம்மா போனபிறகு அவளை வளர்த்தவள் அக்காதான். வெந்நீரும் சோப்பும் தின்ற அந்த விரல்கள் நாலு நாளாகத் தன் கதவுக்கு வெளியே நின்றிருக்கின்றன என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்ததும் அக்காவை நேரே அரங்கத்துக்கு வரச் சொன்னாள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரியவள் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. இயக்குநருக்குத்தான் பொறுக்கவில்லை.

“தொட்டுப் பாருங்கம்மா. விரலால இழுங்க, விலகும்.”

பெரியவள் திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். “நானா? நாடகம் பாக்க வந்தவ திரைய இழுக்கலாமா சார்? நீங்க திறப்பீங்கன்னுதானே உக்காந்திருக்கேன். திறக்கலேன்னா இன்னிக்கு ஆட்டம் இல்ல போலன்னு எழுந்து போயிருவோம்.”

இயக்குநர் சத்தம் போட்டுச் சிரித்தார். “இத்தன வருஷமா திரைக்கு உள்பக்கமே நின்னு பழகிட்டேம்மா. வெளிய உக்காந்திருக்கவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு.”

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் இப்படி மரியாதையாகக் காத்திருந்து, தங்கள்மேல்தான் தப்பு என்று நினைத்துப் போயிருப்பார்கள்! ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. சொல்ல அவளுக்கென்று ஓர் அக்கா இருந்தாள். அக்காவின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, நான் எதையாவது கெடுத்துட்டேனா?”

“இல்லக்கா. காப்பாத்திட்ட.”

அன்றே மாற்றினாள். திரைச்சீலை தானாகவே ஒரு விரல் அகலம் விலகும். இடுக்கில் மேடை வெளிச்சம், அதன் கீழே நாற்காலிகள். டிக்கெட் ஒரே நாளில் பறந்துவிடவில்லை. ஆனால் இணையதளத்தில் விற்ற நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகத் தொடங்கின. கடைசி வரிசையில் கதவோரமாக ஒன்று சிவந்தபோது, யார் என்று பார்க்காமலே தெரிந்தது. நாடகம் முடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டியவள்.

நாடகத்தன்று பாதிக்குமேல் நிறைந்திருந்தது. கட்டடத்துச் சொந்தக்காரரும் வந்திருந்தார், முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இயக்குநர் யாரிடமும் கேட்காமல் மேடைத் திரைச்சீலையையும் ஒரு சாண் விலக்கி வைத்திருந்தார். தங்கை உள்பக்கமிருந்து அந்த இடுக்கில் கண்ணை வைத்தாள். மேடை வெளிச்சம் மெல்லிய கோடாக நடைபாதையில் விழுந்து கடைசி வரிசைவரை போயிருந்தது. அங்கே பெரியவள், துடைத்த கண்ணாடியோடு, கைகட்டிக் காத்திருந்தாள்.