ஓட்டையில்லாத அறை

வீடுகளில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஒஸ்லோவில் பதினெட்டு வருடங்களாக இதைச் செய்கிறேன். வாசலில் ஒரு சிவப்புத் துணிச் சட்டத்தைப் பொருத்தி, அதன் நடுவில் விசிறியை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுப்பேன். அப்போது வெளிக்காற்று கிடைத்த இடுக்குகளால் எல்லாம் சீறிக்கொண்டு உள்ளே வரும். புகைக் குச்சியை யன்னல் ஓரமாகக் கொண்டுபோனால் புகை வளைந்து ஆடும். அங்கே ஓட்டை. பழைய வீடொன்றின் சின்னச் சின்ன இடுக்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், பனிக்காலம் முழுக்க ஒரு யன்னலைத் திறந்து வைத்ததற்குச் சமம். இதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் திகைப்பார்கள். அந்தத் திகைப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

என் மனைவி இமெல்டா திகைக்க மாட்டாள். "விளங்கப்படுத்தத் தொடங்கிட்டியளோ? சோறு ஆறப்போகுது" என்பாள். அவளுடைய தம்பி சவிரிமுத்துதான் முழுக்கக் கேட்பான். கேட்டுவிட்டு இரண்டு கேள்வியும் கேட்பான்.

அவன் குவைத்தில் ஒரு பண்டகசாலைக்குக் காவலாளி. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில். இரவு முழுவதும் வேலை, பகலில் நித்திரை. மொட்டைமாடியில் இருந்த ஓர் ஒற்றை அறையில் லதீசன் என்ற யாழ்ப்பாணத்துப் பெடியனோடு தங்கியிருந்தான். லதீசன் சாரதி, பகலில் வெளியே போய்விடுவான்.

போன ஆடி மாதம் அந்த அறையின் ஏசி நின்றுபோனது. ஒரு சாமான் வரவேண்டும், வந்ததும் திருத்துவோம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே நாற்பத்தொன்பது பாகை. காவலாளி பகலில் தூங்காவிட்டால் இரவில் தூங்குவான். தூங்கினால் வேலை போய்விடும். அவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், நித்திரை கொள்ள ஒரு வழி சொல்லுங்கோ. மூண்டு நாளா கண் மூடேல்லை."

அன்று ஒஸ்லோவில் இருபத்தெட்டு. நகரத்தின் ஓரத்தில், வெஸ்ட்லியில், எங்கள் பல்கனியில் நான் வெறும் மேலோடு இருந்தேன். "இஞ்சையும் சரியான வெக்கை" என்றேன்.

"ஐஸ்பெட்டிக்குள்ளை இருந்துகொண்டு கதைக்கிற கதையைப் பாருங்கோ!" சிரித்தான்.

ஈரத்துணி எப்படிக் குளிரூட்டும் என்று சொன்னேன். தண்ணீர் சும்மா ஆவியாகாது. அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பக்கத்திலிருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். குவைத் காற்று எலும்பு மாதிரிக் காய்ந்தது. ஆகவே கதவைத் திறந்து வாசலில் ஒரு பெட்சீற்றை நனைத்துக் கட்டு, பின்னால் விசிறியை வை.

அடுத்த நாள் அவன் தன் சின்ன வெப்பமானியைக் கமராவுக்கு முன்னால் பிடித்தான். நாற்பத்துமூன்று முப்பத்துமூன்றாக இறங்கியிருந்தது. "அத்தான், நீங்கள் மந்திரவாதி. ஐந்து மணித்தியாலம் செத்த பிணம் மாதிரிப் படுத்தன்."

அங்கேயே விட்டிருக்கலாம்.

ஆனால் பெட்சீற்றின் இரு பக்கமும் திறந்த வெளி தெரிந்தது. எனக்குக் கண் உறுத்தியது. பதினெட்டு வருடமாக இடுக்கைக் கண்டால் அடைக்கச் சொல்பவன் நான். "திறந்து வைச்சா வெக்கை உள்ளுக்கு வரும்தானே" என்றேன். "சுடுதண்ணிப் போத்தலை யோசிச்சுப் பார். சூட்டை ஊத்தினாச் சூடாவே இருக்கும், ஐஸைப் போட்டா ஐஸாவே இருக்கும். போத்தலுக்கு ரெண்டும் ஒரே வேலைதான். உன்ரை அறையைப் போத்தலாக்கு. கதவைச் சாத்து. யன்னலுக்கு அலுமினியத் தாள், இடுக்கெல்லாம் டேப். துணியை உள்ளுக்குக் கட்டு."

அவன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். மறுநாள் காலை, வேலையால் வந்து படுக்கப்போகும் முன், போனைத் தூக்கி எல்லா மூலையையும் காட்டினான். வெள்ளித் தாள் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. கதவைச் சுற்றி உள்பக்கமாக டேப். புகைக் குச்சி அவனிடம் இல்லை, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவோரமாகப் பிடித்தான்.

"பாருங்கோ அத்தான், புகை ஆடேல்லை!"

நேராக மேலே போனது புகை. "ஒஸ்லோவிலை ஒருத்தரும் இப்பிடி அடைக்கமாட்டாங்கள். உனக்கு எங்கடை கொம்பனியிலை வேலை எடுத்துத் தரலாம்" என்றேன். உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

நண்பகலுக்குச் சற்று முன் மறுபடி போன் எடுத்தான். குரல் தடித்திருந்தது.

"முப்பத்தேழு எண்டு காட்டுது. வெளியிலையைவிடக் குறைவுதான். ஆனா உடம்பு காயுதில்லை அத்தான். தலையிடிக்குது."

முப்பத்தேழு நாற்பத்தொன்பதைவிடக் குறைவு. நான் அந்த எண்ணை மட்டுமே பார்த்தேன். "துணியை இன்னும் கொஞ்சம் நனைச்சுக் கட்டு" என்றேன். "நல்லாத் தண்ணி குடிச்சிட்டுப் படு."

"ஓம்" என்றான்.

நான்கு மணிக்கு லதீசன் போன் எடுத்தான். கதவு திறபடவில்லை, தோளால் இடித்துத் திறந்தானாம். உள்ளே இருந்து வந்த காற்று குளியலறைக் காற்று மாதிரி முகத்தில் அடித்ததாம். சவிரிமுத்து கட்டிலில் கிடந்தான். மூச்சு இல்லையாம்.

இமெல்டா பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். போனில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வெஸ்ட்லி நிலையத்தில் போய் நின்றேன். கடைசித் தரிப்பு அது, எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். மூன்று ரயில்கள் வந்து வெறுமையாகித் திரும்பின. நான்காவதில் இறங்கினவள் என்னைக் கண்டதுமே, "அம்மாவுக்கோ?" என்றாள்.

சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. உடலை மன்னாருக்கு அனுப்பினார்கள். இமெல்டா போனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். நான் கேட்கவேயில்லை.

அவள் இல்லாத நாட்களில் ஒரு சனிக்கிழமை, எங்கள் குளியலறையின் காற்றுப்போக்கியை டேப்பால் மூடினேன். தரைக்கு அடியில் ஓடும் சூடாக்கியைக் கடைசி அளவுக்குக் கூட்டினேன். ஹோலில் இருந்த சூடாக்கியையும் உள்ளே கொண்டுபோனேன். ஈரப் பெட்சீற்றைக் கட்டிவிட்டு, கதவை அடைத்து, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். முப்பத்துநான்கு வரைதான் ஏறியது. அரை மணித்தியாலத்தில் தாடையிலிருந்து வேர்வை சொட்டியது. துடைத்தால் மறுபடி சொட்டியது. ஒரு துளியும் காயவில்லை. நாடித்துடிப்பு நூற்றிமுப்பது. எனக்குத் தலை சுற்றியது. கதவை உதைத்துத் திறந்து ஹோல் தரையில் விழுந்து கிடந்தேன்.

மனித உடம்பும் ஒரு சூடாக்கி. சும்மா படுத்திருந்தாலே நூறு வாட் பழைய மின்குமிழ் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சுற்றியிருக்கும் காற்று உடம்பின் சூட்டை எட்டிவிட்டால் அந்தச் சூட்டுக்குப் போக ஒரே வழி வேர்வை. வேர்வை காயவேண்டும். காய்வதற்குக் காற்றில் இடம் வேண்டும். பெட்சீற்றும் அவனும் ஒரே காற்றுக்குத்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தவரை அந்தக் காற்று வெளியே போனது. நான் அடைக்கச் சொன்னபிறகு அது நிறைந்துவிட்டது. நிறைந்த காற்றுக்கு இன்னும் தண்ணீர் கொடுக்கச் சொன்னவனும் நான்தான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து இமெல்டா திரும்பி வந்தாள். குசினி மேசையில் பெட்டியைத் திறந்து, கடதாசியில் சுற்றிய கருவாட்டை வெளியே எடுத்தாள்.

"அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவ. அத்தான்தான் என்னைக் குளிரா வைச்சிருக்கிறார் எண்டு கடைசி நாளும் அவன் சொன்னவனாம்."

நான் கதிரையில் இருந்தேன். அவளையும் இருக்கச் சொன்னேன்.

தொடக்கத்திலிருந்து சொன்னேன். காய்ந்த காற்று, பெட்சீற், போத்தல், ஊதுபத்தி, முப்பத்தேழு. எங்கள் குளியலறையையும் சொன்னேன். இருபத்துநான்கு வருடக் கலியாணத்தில் முதல் தடவையாக அவள் என்னை இடைமறிக்கவில்லை. கருவாட்டுப் பொட்டலம் அவள் மடியில் இருந்தது.

"அப்ப, கதவு திறந்து கிடந்திருந்தா?"

"இருந்திருப்பான்."

"அவன் தலையிடிக்குது எண்டு சொன்னவன்."

"ஓம்."

"சொன்னவன்தானே? உங்களுக்கு வடிவாக் கேட்டதுதானே?"

"ஓம், இமெல்டா."

அவள் அழவில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "லதீசன் இப்பவும் அந்த அறையிலைதானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு மாதமாக என்னைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எடுங்கோ போனை."

லதீசன் உடனே எடுத்தான். "சொல்லுங்கோ அண்ணை. அக்கா வந்திட்டாவோ?"

"தம்பி, ஏசி திருத்தினவங்களோ?"

"திருத்தினவங்கள். ஆனா கிழமைக்கு ரெண்டுதரம் நிக்குது. பிரச்சினை இல்லை அண்ணை, நாங்கள் கதவுக்குப் புதுசா டேப் ஒட்டி வைச்சிருக்கிறம். சவிரி அண்ணை ஒட்டி வைச்ச மாதிரியே. புதுசா வந்த ஆளுக்கும் பழக்கிட்டன்."

கழற்று என்று மட்டும் சொல்லியிருக்கலாம். என் சொல்லுக்காகக் கழற்றியிருப்பான். காரணம் தெரியாவிட்டால் அடுத்தமுறை ஏசி நிற்கும்போது மறுபடி ஒட்டுவான். இமெல்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணத்தைச் சொன்னேன். யார் அடைக்கச் சொன்னது என்பதையும் சொன்னேன்.

"அண்ணை..." என்றான் லதீசன். கட்டில் தரையில் உரசி நகரும் ஓசை, பிறகு டேப் நீளமாகக் கிழியும் ஓசை.

இமெல்டா போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தம்பி, யன்னலையும்" என்றாள்.