ஈரத்தழை

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவரை அக்கம்பக்கத்தார் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அவர் டிரைவர்தான். விடிவதற்கு முன் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிற வேலை. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த முக்கால் ஏக்கர் நிலமும், அதிலிருந்த நாலு ஆடுகளும், ஒரு டஜன் கோழிகளும், வெங்காயப் பாத்தியும், அவரைப் பந்தலும் அவருக்கு வழியில் வருகிற ஸ்டாப் மாதிரி. பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கிறார், இறங்கியதில்லை.

அதெல்லாம் அவர் மனைவியின் ராஜ்ஜியம். எந்த மாதம் எதை விதைப்பது, எந்தக் கோழி அடைக்கு உட்காரும், எந்த ஆடு சினைக்கு நிற்கும் என்பதெல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைத்ததில்லை. விதைகளைப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைப்பாள். லேபிள் கிடையாது. காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, "இது பீன்ஸ், இது பூசணி" என்பாள். ஓய்வு பெற்ற புதிதில் டிரைவர், "நானும் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டார். "நீங்க பேப்பரைப் படிங்க. நீங்க ஒத்தாசை பண்ணினா எனக்கு ரெண்டு வேலை" என்றாள். அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு நாள், வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பின்னிக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

"அப்புறம்."

பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் அப்புறம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். "அவங்க மனசுல நினைக்கிறது சரியாத்தான் இருக்கு. வெளிய வர்ற வழியில அடைச்சிருக்கு. எது சொல்ல வந்தாலும் இந்த வார்த்தைதான் வரும். தலையாட்டுறதையும் நம்பாதீங்க. ஆமான்னு நினைச்சு இல்லைன்னு ஆட்டுவாங்க."

புரிந்தது. ஆனால் புத்திக்குப் புரிந்தது காதுக்குப் புரிய வேண்டாமா? வீட்டுக்கு வந்த முதல் வாரம், களத்தில் கிடந்த வெங்காயத்தைக் காட்டி, "இதை உள்ள எடுத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். "அப்புறம்" என்றாள், அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நிதானமாக. சரி, இன்னும் காய வேண்டும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் திடீர் மழை. பாதி வெங்காயம் அழுகிக் குப்பைக்குழிக்குப் போயிற்று. ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு விதைப்பு. பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கட்டிலருகே கொண்டுவந்து அவள் காதோரம் குலுக்கினார்.

"பீன்ஸா?"

தலையாட்டினாள்.

"பூசணியா?"

அதற்கும் ஆட்டினாள். ஐந்தாவது டப்பாவைக் குலுக்கும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. டப்பாவைத் தட்டிவிட்டாள். கட்டிலுக்கடியில் உருண்டோடிய விதைகளை டிரைவர் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார். கடைசியில் குத்துமதிப்பாகத்தான் விதைத்தார். அவரைப் பந்தலடியில் பூசணி முளைத்தது. கீரைப் பாத்தியில் எதுவுமே முளைக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தினமும் காலையில் வந்து, மனைவியைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டுப் போவாள். "அண்ணே, ஒரேயடியா எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க" என்பாள். தூரத்து நகரத்தில் வேலை பார்க்கும் மகள் போனில் அதையே வேறு மாதிரி சொல்வாள். "ஆட்டையெல்லாம் யார்கிட்டயாவது குடுத்துட்டு இங்க வந்துடுங்கப்பா. ரெண்டு பேரும் அங்க கிடந்து என்ன பண்றீங்க?"

"அம்மா எழுந்து வந்து 'என் ஆடு எங்க?'ன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்பார் டிரைவர். அம்மா எழுந்து வருவாள் என்று மகளிடம் யாரும் சொல்லவில்லை.

ஆடுகளில் ஒன்றுக்கு மேனாமினுக்கி என்று மனைவி பெயர் வைத்திருந்தாள். காலில் சேறு பட்டால் சுவரில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும், அடுத்த ஆடு வாய் வைத்த தண்ணீரைக் குடிக்காது. அப்படியொரு பவிசு. இப்போது சினையாக இருந்தது. டிரைவர் பால் கறக்கப் போனால் மற்ற மூன்றும் உதைக்கும். மேனாமினுக்கி மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பது போல வழிவிடும். அந்த வீட்டில் தன்னைப் பொறுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அதுதான் என்று அவருக்குத் தோன்றும்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விட்டு விட்டுப் பெய்ததில் வேலியோரம் பயறுக்கொடி தளதளவென்று படர்ந்திருந்தது. அதுவரை காய்ந்த சோளத்தட்டையையே போட்டு வந்த டிரைவருக்கு, அன்று காலை அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பாவம், வாயில்லா ஜீவன்கள், எத்தனை நாளைக்குத்தான் சருகைத் தின்னும்? அரிவாளை எடுத்துக்கொண்டு போய், நீர் சொட்டச் சொட்ட இரண்டு கட்டு அறுத்தார். இத்தனை மாதத்தில் தானாக யோசித்து, தானாகச் செய்த முதல் காரியம். கட்டைத் தூக்கித் தோளில் வைத்தபோது அவர் நடையே மாறியிருந்தது.

ஆட்டுக் கொட்டகை மனைவியின் ஜன்னலுக்கு நேர் எதிரே. அவள் பார்க்கட்டும் என்றுதான் கட்டை அங்கேயே பிரித்து உதறிப் போட்டார். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு பாய்ந்தன.

"அப்புறம்!"

திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்! அப்புறம்! அப்புறம்!"

டம்ளரை எடுத்துக் கம்பியில் அடித்தாள். டிரைவர் அரிவாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"என்ன, தண்ணியா?" தண்ணீர் கொடுத்தார். தள்ளிவிட்டாள், அவர் சட்டையெல்லாம் நனைந்தது. "பாத்ரூம் போணுமா?" பெட்பேனை எடுத்து வைத்தார். அதையும் தள்ளினாள். தலையணையை உயர்த்தினார், தாழ்த்தினார். போர்வையைப் போர்த்தினார், எடுத்தார். மின்விசிறியைப் போட்டார், நிறுத்தினார். அவள் ஜன்னலைக் காட்டினாள். காட்டிக் காட்டி அந்த ஒற்றை வார்த்தையை அலறினாள்.

"ஓ, சாரல் அடிக்குதா?" என்றார் டிரைவர். "அதைச் சொல்ல இத்தனை கோபமா?"

ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார்.

அவள் திடீரென்று அடங்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமூச்சு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். வாயைத் திறக்கவில்லை. கோபம் தணியட்டும் என்று கிண்ணத்தை மூடி வைத்தார். கோழிக் கூண்டைக் கழுவினார். கழன்று கிடந்த வேலிக் கம்பியை இழுத்துக் கட்டினார். துணி துவைத்தார். துவைத்ததைக் காயப்போட இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டினார்.

மதியம் துணி தைக்க அளவு கேட்க வந்த தையல்காரம்மாதான் கொட்டகைப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே! இங்க ஓடி வாங்க! ஆடு என்னமோ மாதிரி கிடக்குது!"

மேனாமினுக்கி படுத்திருந்தது. இடப்பக்கம் வயிறு மத்தளம் போல உப்பி முதுகெலும்புக்கு மேலே எழும்பியிருந்தது. நாக்கு வெளியே தள்ளி, வாயில் நுரை. இன்னொரு ஆடு நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் வயிறு ஏறியிருந்தது.

"என்ன போட்டீங்க?"

டிரைவர் தரையைக் காட்டினார். கொஞ்சம் தண்டுதான் மிச்சமிருந்தது.

"ஐயோ அண்ணே, ஈரத்தோடயா? காலைல வெறும் வயித்துல இந்தக் கொடியப் போடலாமா? வயித்துல காத்து கட்டிக்குமே. அக்கா வெயில்ல வாட்டித்தான் போடும். அதுவும் தட்டையோட கலந்து கையளவு."

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார்கள். அவர் வேறெங்கோ ஒரு பசுவின் பிரசவத்தில் இருந்தார். "வர ரெண்டு மணி நேரமாகும். சமையல் எண்ணெய் ஒரு டம்ளர் உள்ள இறக்குங்க. முன்னங்காலை உசரத்துல ஏத்தி நிக்க வைங்க. வயித்தை அமுக்கித் தேய்ச்சுக்கிட்டே இருங்க. படுக்க விடாதீங்க."

எண்ணெய் பாதி உள்ளே போயிற்று, பாதி டிரைவரின் முழங்கை வழியே ஒழுகியது. முன்னங்கால்களைத் திட்டின் மேல் தூக்கி வைத்தால் பின்னங்கால்கள் மடங்கின. நாலு பக்கமும் இரண்டு பேராகத் தாங்க முடியவில்லை. அப்போதுதான் ஜன்னல் அவர் கண்ணில் பட்டது. சாத்தியிருந்த ஜன்னல்.

உள்ளே ஓடி மனைவியைச் சக்கர நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவள் அலறவில்லை. இடது கையால் அங்கே கிடந்த ஒரு குச்சியைக் காட்டினாள். பிறகு தன் வாயைத் திறந்து, விரலைக் குறுக்கே வைத்துக் கடித்துக் காட்டினாள். தையல்காரம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது: குச்சியை மென்றால் ஏப்பம் வந்து காற்று இறங்கும். குச்சியை மேனாமினுக்கியின் வாயில் கடிவாளம் போலக் குறுக்கே வைத்துக் கயிற்றால் கட்டினாள். மனைவி நாற்காலியிலிருந்து சரிந்து குனிந்து, உப்பிய வயிற்றில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கித் தள்ளித் தள்ளித் தேய்த்தாள். அவள் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர டிரைவருக்கு வேறு வேலை இல்லை.

அடுத்த ஆட்டுக்கும் அப்படியே குச்சி கட்டினார்கள். அது கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. வயிறு இறங்கத் தொடங்கியது. மேனாமினுக்கி ஏப்பம் விடவில்லை. ஒரு முறை தலையை உயர்த்தி மனைவியைப் பார்த்தது. கால்களை நீட்டியது. டாக்டர் வந்து சேர்ந்தபோது வயிற்றில் இருந்த குட்டிகளும் அடங்கியிருந்தன.

"நேரத்தோட பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். திட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். உயிர் பிழைத்த ஆட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வேலி மூலையில் டிரைவர் குழி வெட்டினார். ஈர மண் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூடி மிதித்துவிட்டு வந்து, நாற்காலிக்கு முன்னால் சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"காலைல இதைத்தான் சொன்னியா?"

அவள் அவரையே பார்த்தாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். கொஞ்சம் நிறுத்தி, மேலும் கீழுமாக ஆட்டினாள். எதை எடுத்துக்கொள்வது? இல்லை என்று சொல்லி அவரைத் தேற்றுகிறாளா, ஆமாம் என்று சொல்லிக் குத்துகிறாளா? முப்பத்தைந்து வருஷம் கூடவே வாழ்ந்தவளின் முகத்தைப் பார்த்து, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னை அடிச்சிடு" என்றார். "இந்தக் கையால ஓங்கி ஒண்ணு குடு. அதாச்சும் புரியும்."

அவள் இடது கையை நீட்டி, அவர் காதில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். தையல்காரம்மா முன்பே சொல்லிவிட்டிருக்க வேண்டும். "அப்பா, போதும்ப்பா. மிச்சம் மூணையாவது உயிரோட குடுத்துடலாம். அக்கறையாப் பாத்துக்கிறவங்களா நான் தேடுறேன்." இந்த முறை டிரைவர் எதிர்த்துப் பேசவில்லை. "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது. மறுமுனையில் மகள் அழுவது கேட்டது.

இருந்தாலும் கேட்டார். மறுநாள் காலை மழை ஓய்ந்திருந்தது. அவளை நாற்காலியில் வைத்துக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "குடுத்துடலாமா? குடுக்கலாம்னா கையைத் தூக்கு. வேணாம்னா சும்மா இரு."

அவள் கையைத் தூக்கினாள். ஆனால் ஆடுகளைப் பார்த்தல்ல. நிலத்தின் மறுகோடியைக் காட்டினாள்.

"அப்புறம்" என்றாள்.

தள்ளிக்கொண்டு போனார். "பூசணியா? கொடியை ஏத்தி விடணுமா? வேலியா? வாய்க்கால் அடைச்சிருக்கா?" ஒவ்வொன்றின் அருகிலும் நிறுத்திக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலை இரண்டு பக்கமும் ஆடியது. கை மட்டும் இன்னும் அப்பால், இன்னும் அப்பால் என்று நீண்டது. அவள் கண்ணுக்கு ஏதோ தெரிந்திருந்தது. இன்றைக்கே செய்ய வேண்டிய ஏதோ ஒன்று, நாளைக்கு வெங்காயம் போலவோ ஆடு போலவோ கையை விட்டுப் போகக்கூடிய ஒன்று. அவர் அந்தத் திசையில் எவ்வளவு உற்றுப் பார்த்தும் பச்சையாகத்தான் தெரிந்தது, எல்லாம் ஒரே பச்சை.

உருளைக்கிழங்கு வரப்பருகே சக்கரம் புதைந்தது. முன்னால் தள்ளினால் ஆழமாக இறங்கியது, பின்னால் இழுத்தால் நாற்காலி சாய்ந்தது. தையல்காரம்மாவை இரண்டு முறை கூப்பிட்டார். தையல் மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, முதல் துளி அவர் கழுத்தில் விழுந்தது.

மனைவியின் கை மெல்லத் தாழ்ந்து மடியில் விழுந்தது. டிரைவர் சட்டையைக் கழற்றி அவள் தலைமேல் போட்டார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய், இரண்டு கைப்பிடிகளையும் பற்றி, காலைச் சேற்றில் ஊன்றி, அவள் காட்டிய திசையிலேயே மறுபடியும் தள்ளினார்.