இருபத்திரண்டு கேர்

வதோதராவில் நவராத்திரி நெருங்கிவிட்டால் தையல்காரர்களை நேரில் பார்த்துப் பேச முடியாது. கடை வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லாம் போனில்தான். சுமன்பாய் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, உதட்டில் ஊசியைக் கவ்வியபடி, நான்கு மெஷின்களின் இரைச்சலில் "ம்... ம்..." என்பார். அந்த 'ம்'முக்குள் என்ன போய்ச் சேர்ந்தது என்பது துணி வந்த பிறகுதான் தெரியும்.

ஹிரலின் பாவாடை திருவிழாவின் முதல் நாள் மாலை ஆட்டோவில் வந்தது. ஆட்டோவில் வேறு எதற்கும் இடமில்லை. டிரைவர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் ஓட்டி வந்திருந்தார்.

"பந்தல் துணி எங்க இறக்கணும், பென்?" என்று அவர் கேட்டார்.

"பந்தலா? நாங்க பந்தல் எதுவும் சொல்லலையே" என்றார் ஹிரலின் அம்மா தக்ஷாபென்.

மூட்டையின் ஓரத்தில் கண்ணாடிச் சில்லுகள் மின்னின. ஹிரல் முடிச்சை அவிழ்த்தாள். மெரூன் துணி ஹாலுக்குள் இறங்கத் தொடங்கியது. சோபாவை மூடியது. டீப்பாயை மூடியது. செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா கிரீஷ்பாயின் முழங்கால்களை மூடியது. அப்படியும் மூட்டைக்குள் பாதி மிச்சமிருந்தது.

"இதுக்கு நடுவுல நீ எங்கயாவது இருக்கியா?" என்று அவர் கேட்டார்.

தக்ஷாபென் சுமன்பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சுமன்பாய், என்ன இது? எத்தனை மீட்டர் சுத்தளவு?"

"நீங்க சொன்னதுதான் பென். இருபத்திரண்டு."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்களேதான். 'நீளம் முப்பத்தெட்டு, சுமன்பாய், பாவீஸ் கேர்'னீங்க. காதுல இன்னும் நிக்குது."

தக்ஷாபென் நெற்றியில் கை வைத்தார். குஜராத்தியில் பாவீஸ் என்றால் இருபத்திரண்டு, கேர் என்றால் வீடு. பாவாடையின் சுற்றளவுக்கும் கேர் என்றுதான் பெயர். அவர்கள் குடியிருப்பது அம்ருத்குஞ்ச் காலனியில் இருபத்திரண்டாம் எண் வீடு. தைத்ததை அங்கே கொண்டுவந்து கொடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். மெஷின் சத்தத்தில் விலாசம் அளவாகிவிட்டது.

"எட்டு மீட்டர் சுத்தளவே பெரிசு. இருபத்திரண்டுன்னு கேட்டதும் உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு பென். அப்புறம் யோசிச்சேன். பாவம், பொண்ணு ஒரு வருஷமா ஆடல. ஆசை சேர்ந்து கிடக்கும்னு விட்டுட்டேன்."

ஹிரல் சிரிப்பை அடக்கத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முகம் புதைய அங்கே தாராளமாக இடம் இருந்தது.

ஒரு வருஷமாக அவள் ஆடவில்லை என்பது உண்மைதான். போன நவராத்திரியின் மூன்றாம் நாள், இரண்டு விரற்கடை நீளம் கூடிப்போன பாவாடையைத் தானே மிதித்து, வட்டத்தின் நடுவில் விழுந்தாள். முழங்காலில் தசைநார் கிழிந்தது. மீதி ஆறு நாளும் ஜன்னலோரம் படுத்தபடி பாட்டை மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தக்ஷாபென் பழைய பாவாடைகளையெல்லாம் மூட்டை கட்டி சூரத்தில் இருக்கும் தங்கை மகளுக்கு அனுப்பிவிட்டார். இந்த வருஷம் அனுமதி கொடுக்கும்போதே ஒரு சட்டமும் போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்க்கையில் ஹிரலின் இரண்டு கணுக்கால் எலும்பும் தெரிய வேண்டும். ஒரே ஒரு தடவை விழுந்தாலும் மீதி நாளெல்லாம் வீடு.

"விழுந்தவங்க வீட்டோட" என்று அந்தச் சட்டத்தை அவர் தினம் ஒரு தடவை சொன்னார். காய் நறுக்கும்போதுகூடச் சொன்னார்.

ஹிரல் உடுத்திப் பார்த்தாள். நாடாவை எவ்வளவு இறுக்கினாலும், கையை விட்டதும் பாவாடை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கி இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. கணுக்கால் மறைந்தது. பாதம் மறைந்தது. தரையில் ஒரு சாண் துணி மடிந்து கிடந்தது.

"முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டா தைக்க வேண்டாமா, இந்த மனுஷன்?" என்றார் தக்ஷாபென்.

"முப்பத்தெட்டுதான் மம்மி. கனம் கீழ இழுக்குது. ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்க."

அவள் ஒரு சுற்று சுற்றினாள். பாவாடை எழும்பியது. டீப்பாயிலிருந்த இரண்டு தேநீர்க் கோப்பை, ரிமோட், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, காலையில் மிஞ்சிய ஃபாஃப்டா தட்டு எல்லாம் வரிசையாகப் புறப்பட்டுச் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. கிரீஷ்பாய் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார். "ஃபேன் போட வேண்டாம்."

போனில் கிடைத்த திட்டுக்குப் பயந்து சுமன்பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் டேப்போடு வந்து சேர்ந்தார். வந்ததும் தரையில் குப்புறப் படுத்து விளிம்பைப் பார்த்தார்.

"கீழ மடிச்சு அடிச்சிடுங்க" என்றார் தக்ஷாபென்.

"இருபத்திரண்டு மீட்டர் விளிம்பை மடிச்சு அடிச்சு முடிக்கிறதுக்குள்ள தசரா வந்துடும் பென். இன்னிக்கி ஆரத்தி ஒன்பது மணிக்கு."

"அப்ப என்ன பண்றது?"

"கீழேருந்து ஏத்த முடியாது. மேலேருந்துதான் தூக்கணும். இடுப்பு தாங்காது. தோள்தான் தாங்கும்."

தோளில் எதை மாட்டுவது என்று மூன்று பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். புடவைக் கரை மெல்லிசு. துணி காயப்போடும் கயிறு தோளை அறுக்கும். கிரீஷ்பாய் உள்ளே போய், ஹிரலின் கல்லூரிப் பையைக் கொண்டுவந்தார்.

"மூணு வருஷம் அக்கவுன்டன்சி புஸ்தகம் தூக்கின வார். இதைவிட கனமா எதுவும் இருக்காது."

"பப்பா, நான் ஆடப் போறேனா, காலேஜ் போறேனா?"

"தாவணி மறைச்சிடும்டா. யார் பாக்கப் போறா?"

சுமன்பாய் பையின் வார்களை வெட்டி, இடுப்புப்பட்டியில் நான்கு இடத்தில் தைத்து, கொக்கியை இழுத்து நீளம் சரிசெய்தார். "இப்ப அளக்க மாட்டேன். அஞ்சு சுத்து சுத்து. நிக்கிற பாவாடைக்கு ஒரு அளவு, ஆடின பாவாடைக்கு ஒரு அளவு" என்றார். ஹிரல் சுற்றினாள். இந்த முறை ஹால் காலியாக இருந்தது. நின்றபோது இரண்டு கணுக்கால் எலும்பும் வெளியே தெரிந்தன. தக்ஷாபென் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சரி" என்றார். "ஆனா விழுந்தவங்க..."

"வீட்டோட" என்று மற்ற மூவரும் சேர்ந்து முடித்தார்கள்.

காலனி மைதானத்தின் நடுவில் மாதாஜியின் படமும், துளையிட்ட மண்குடத்துக்குள் விளக்கும் இருந்தன. ஆரத்தி முடிந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் இறங்கினார்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கியது, இரண்டு தட்டுத் தாளம். ஹிரல் வலது காலை முன்வைத்துக் கை தட்டித் திரும்பினாள். பாவாடை விரிந்தது.

அவளுக்குப் பின்னால் வந்த பக்கத்து வீட்டு பாரதிபென் ஒரு அடி பின்வாங்கினார். அடுத்த திருப்பத்தில் இன்னொரு அடி.

"இவளுக்கு முன்னாடி ஒரு கார், பின்னாடி ஒரு கார் நிறுத்த இடம் விடணும் போலிருக்கே" என்றார்.

"நீங்க விடாட்டியும் அது எடுத்துக்கும் பாரதி காகி" என்றாள் ஹிரல், அடுத்த சுற்றில்.

போன வருஷம் விளிம்பை யாராவது மிதித்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து ஆடியவள் அவள். இந்த வருஷம் நான்கு அடி தூரத்துக்கு யாராலும் வர முடியவில்லை. அவளைச் சுற்றி அவளுக்கென்றே ஒரு மைதானம் உருவாகிவிட்டது. கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை வாரி இறைத்தன. மேடையிலிருந்த பாடகர் இரண்டு அடிக்கு நடுவே மைக்கில், "மெரூன் பாவாடை பென், காலனியில மத்தவங்களும் குடியிருக்காங்க" என்றார். வட்டம் முழுக்கச் சிரித்தது. ஹிரல் இன்னும் வேகமாகச் சுற்றினாள். முழங்கால் வலிக்கிறதா என்று பார்க்கக்கூட மறந்துபோனாள்.

தக்ஷாபென் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு முழங்காலிலும் எலாஸ்டிக் உறை. பாட்டைக் கேட்கவில்லை, யாரோடும் பேசவில்லை. மகள் தன் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டு எலும்பைப் பார்த்தார். தெரிந்தன. அடுத்த சுற்றிலும் தெரிந்தன. பாட்டு மூன்று தட்டுக்கு மாறி வேகம் பிடித்தது. அந்தச் சுற்றில் வலது கணுக்கால் தெரிந்தது. இடது கணுக்காலைக் காணவில்லை.

வட்டத்துக்குள் ஹிரலுக்கு 'டப்' என்ற சத்தம் இடது தோளில் கேட்டது. அக்கவுன்டன்சியைத் தாங்கிய வார் கர்பா ஆட்டத்தைத் தாங்கவில்லை. பாவாடை ஒரு பக்கமாகச் சரிந்து தரையைத் தொட்டது. நிற்கலாம் என்றால் பின்னால் முழு வட்டமும் வந்துகொண்டிருந்தது. ஆடலாம் என்றால் அடுத்த அடியிலேயே துணி காலுக்கு அடியில். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, ஒரு கையால் தட்ட முடியாமல், காற்றைத் தட்டிக்கொண்டு நொண்டினாள்.

திடீரென்று பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்புப்பட்டியைப் பிடித்து மேலே தூக்கின.

"நிக்காத. சுத்து" என்றார் தக்ஷாபென்.

"மம்மி, உங்க முட்டி."

"முட்டி என் கவலை. நீ தாளத்தைப் பாரு."

பட்டியைப் பிடித்த பிடியை விடாமல் அவர் மகளின் பின்னாலேயே ஆடினார். முதல் இரண்டு திருப்பத்தில் தப்பான காலை வைத்தார். மூன்றாவதில் கால் தானே கண்டுகொண்டது. வண்டியும் இழுவையும் போல இருவரும் வட்டத்தைச் சுற்றி வந்தார்கள். பாரதிபென் விசிலடித்தார்.

"தக்ஷா, நீ பிடிச்சிருக்கியா, தொங்கிட்டிருக்கியா?"

"ரெண்டும்தான், நீ வழிய விடு."

தாளம் இரட்டிப்பானது. ஹிரல் இடப்பக்கம் திரும்பினாள். தக்ஷாபென்னின் கால் தன் இளவயதுப் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பியது. பாவாடை இருவரையும் ஒரு தடவை சுருட்டியது. ஹிரல் தடுமாறி நின்றுவிட்டாள். தக்ஷாபென் நிற்கவில்லை. மெரூன் துணியும் கண்ணாடிகளுமாகக் குவிந்து கிடந்த மெத்தையின் மேல், மெதுவாக, முழுசாக இறங்கினார்.

வட்டம் அவர்களைச் சுற்றி வளைந்து போனது. பாட்டு நிற்கவில்லை. ஹிரல் பதறிக் குனிந்தாள். துணிக்குள்ளிருந்து தக்ஷாபென் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிரீஷ்பாய் ஒரு கையில் சேவ் உசல் தட்டோடு ஓடிவந்தார். "யார் விழுந்தது?"

"மம்மி" என்றாள் ஹிரல்.

"நான் விழல" என்றார் தக்ஷாபென். "உக்காந்தேன்."

"விழுந்தவங்க வீட்டோட" என்றார் கிரீஷ்பாய், ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு.

"அந்தச் சட்டம் பாவாடை கட்டினவளுக்கு."

"நீங்க பாவாடைக்குள்ளதான் இருக்கீங்க மம்மி."

"சாட்சி நான் இருக்கேன்" என்று அந்தச் சுற்றில் கடந்துபோன பாரதிபென் சொல்லிவிட்டுப் போனார்.

தக்ஷாபென் சுற்றிலும் பார்த்தார். எழுந்திருக்கக் கை நீட்டினார். மகள் ஒரு கையையும் கணவர் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். எழுந்ததும் முழங்கால் உறையைச் சரிசெய்துகொண்டு, தன் கொண்டையிலிருந்த பெரிய ஊசியை எடுத்து அறுந்த வாரைக் குத்தி நிறுத்தினார்.

"மீதி எட்டு நாளும் ஆடு. சட்டம் கிட்டம் எதுவும் கிடையாது" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். நாற்காலிக்குத் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அவர் போன் செய்யவில்லை. நேராகக் கடைக்கே நடந்துபோய், கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு சுமன்பாயின் மெஷின் முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"எனக்கு ஒண்ணு. இப்படியே வெறுங்காலோட அளங்க. எலும்பு தெரியணும். சுத்தளவு அஞ்சு மீட்டர். அஞ்சு. விரல எண்ணிக்கோங்க."

சுமன்பாய் ஊசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அளந்தார். எழுதிக்கொண்டார்.

"சாயங்காலம் தந்துடறேன் பென். எங்க கொண்டு வரணும்?"

தக்ஷாபென் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.